விழுகிற பல்தானே என்று விட்டுவிடாதீர்கள்!

"பால் பல்லு தானே... எப்படியும் விழப் போவுது. இதுக்குப் போய் டாக்டர்கிட்ட ஓடணுமா?"

இந்தப் பேச்சு நம் வீடுகளில் புதிதல்ல. மாமியார் சொல்லுவார், சித்தப்பா சொல்லுவார், சில சமயம் நாமே சொல்லிக்கொள்வோம். பிள்ளைக்கு லேசாகக் காது வலித்தால் ராத்திரி பத்து மணிக்கும் ஆட்டோ பிடிக்கிற நாம், கடைவாயில் கறுப்பாக ஒரு குழி தெரிந்தால் மட்டும் ரொம்ப நிதானமாக இருக்கிறோம். விழுந்து முளைக்கிற பல்தானே என்கிற தைரியம்!

அந்தத் தைரியம் இரண்டு வகையில் ஆபத்து. அது பால் பல்லாகவே இருந்தாலும், விழுவதற்கு முன் அது செய்யவேண்டிய வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. அதைவிட முக்கியம், நீங்கள் பால் பல் என்று நினைத்துக்கொண்டிருக்கும் அந்தப் பல் பால் பல்லாகவே இல்லாமல் போகலாம். விழுந்தால் விழுந்ததுதான், மறுபடி முளைக்காது.

ஏன் மனிதனுக்கு இரண்டே தடவை பல் முளைக்கிறது? மூன்றாவது தடவை ஏன் கிடையாது? இது தெரிந்தால்தான் மற்றது புரியும். இதைத் தெரிந்துகொள்ள முதலில் சித்தன்னவாசலுக்குப் போய் வரலாம், வாருங்கள்.

அன்னவாசல் பக்கத்தில் இருக்கும் அந்தச் சமணக் குகைக்கோயிலை நம் மாவட்டத்தில் பார்க்காதவர்கள் குறைவு. பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவிலாவது கூட்டிப் போயிருப்பார்கள். அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் ஒரு தாமரைக் குளம். ஒன்பதாம் நூற்றாண்டு ஓவியம் என்கிறார்கள். நிறம் நிறையவே மங்கிவிட்டது. ஆனாலும் உற்றுப் பார்த்தால் தெரியும்: குளத்துக்குள் மீன்கள், பறவைகள், மாடுகள், யானைகள், பூப்பறிக்கிற மனிதர்கள். வரைந்த கலைஞர் பல்லைப் பற்றி நினைத்திருக்க மாட்டார். ஆனால் பல்லின் வரலாறு மொத்தமும் அந்த ஒரு குளத்துக்குள் இருக்கிறது!

மீனை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்மாய்க் கெண்டை மீனுக்குத் தாடையில் பல் கிடையாது, தொண்டைக்குள் இருக்கிறது. அந்தப் பல் தேயத் தேய விழும், விழ விழ முளைக்கும். சாகும்வரை இப்படித்தான். பாம்பு, முதலை எல்லாம் இதே கட்சி. அவ்வளவு தூரம் எதற்கு? உங்கள் வீட்டு ட்யூப்லைட் பின்னால் ஒளிந்திருக்கும் பல்லிக்குக்கூட வாழ்நாள் முழுக்கப் புதுப் பல் வந்துகொண்டே இருக்கும். பூச்சியைக் கவ்வும்போது ஒரு பல் உடைந்தால் அது கவலைப்படத் தேவையில்லை. பறவைகள் வேறு மாதிரி. அவற்றின் ஆதி முன்னோர்களுக்குப் பல் இருந்தது, பிறகு அடியோடு போய்விட்டது. அலகும் இரைப்பையும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன.

பால் கொடுக்கும் இனம் வந்ததும்தான் கதை மாறியது.

பல்லிக்குஞ்சு முட்டையிலிருந்து வந்த உடனே தானே இரை பிடித்தாக வேண்டும். அதனால் அதற்கு முதல் நாளே பல் வேண்டும். தாடை வளர வளரப் பெரிய பெரிய பல்லாக மாற்றிக்கொண்டும் இருக்கவேண்டும். பாலூட்டிக் குட்டிக்கு அந்த அவசரம் இல்லை. அம்மாவிடம் பால் குடிக்கிற காலம் முழுக்கப் பல் வேண்டாம், அதற்குள் தாடை நன்றாக வளர்ந்துவிடும். அப்புறம் சின்னத் தாடைக்கு ஒரு செட், பெரிய தாடைக்கு ஒரு செட். இரண்டே போதும்! 'பால் பல்' என்று நாம் பேர் வைத்தது எவ்வளவு பொருத்தம் பாருங்கள். சுமார் இருபது கோடி வருஷத்துக்கு முன்பு, எலியைவிடச் சின்னதாக இருந்த ஆதிப் பாலூட்டிகளின் தாடை எலும்புகளிலேயே இந்த இரண்டு செட் கணக்கு தெரிகிறது.

சரி, அடிக்கடி மாற்றுகிற வசதியை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? லாபம் என்ன?

மெல்லுவதுதான் லாபம். பல்லி மெல்லாது, கவ்வி விழுங்கும். அதன் மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் பெரிய ஒட்டு உறவு இல்லை. பாலூட்டியின் கடைவாய்ப் பல் அப்படி இல்லை. மேல் பல்லில் ஒரு மேடு, கீழ்ப் பல்லில் அது வந்து உட்கார ஒரு பள்ளம். உலக்கையும் உரலும் மாதிரி! வாயை மூடினால் மேடு பள்ளத்தில் சரியாகப் பொருந்தி நசுக்கும், ஓரங்கள் கத்தரிக்கோல் போல வெட்டும். நசுங்கிய உணவு சீக்கிரம் செரிக்கும், உடம்புச் சூட்டைக் காப்பாற்றும் சக்தி கிடைக்கும். ஆனால் உரலையும் உலக்கையையும் மாதத்துக்கு ஒரு தடவை மாற்றிக்கொண்டிருந்தால் பொருத்தம் எப்படி நிற்கும்? ஒரு பல் ஒரு பக்கம் விழுந்து கிடக்க, எதிர்ப் பல் பாதி முளைத்து நிற்க, மெல்லுவது எப்படி? அதனால் இயற்கை ஒரு பேரம் பேசியது. நல்ல பொருத்தம் வேண்டுமா, மாற்றுகிற வசதியை விட்டுவிடு!

இந்தப் பேரத்தின் சாட்சிகள் நம் நாட்டு மண்ணிலேயே கிடைத்திருக்கின்றன. இன்றைய தெலங்கானாவில் நஸ்கல் என்ற ஊரில், டைனோசர் காலத்தின் கடைசியில் படிந்த மண்ணைச் சலித்துக் கழுவி, ஜி.வி.ஆர். பிரசாத், அசோக் சாஹ்னி என்ற இரண்டு இந்திய விஞ்ஞானிகள் ஒரு குட்டிப் பாலூட்டியின் பற்களை எடுத்தார்கள். 1988ல் உலகத்துக்கு அறிவித்தார்கள். அதன் பேர் டெக்கனோலெஸ்டஸ். கேழ்வரகு மணி அளவுதான் இருக்கும் அந்தப் பல். அதிலும் அந்த உரல்-உலக்கை அமைப்பு அப்படியே இருக்கிறது, நம் கடைவாய்ப் பல்லின் பாட்டன்! ஆறரைக் கோடி வருஷம் மண்ணுக்குள் கிடந்தும் அழியாத அந்த எனாமல், உயிரோடு இருக்கிற நம் பிள்ளையின் வாயில் ஆறே மாதத்தில் சொத்தையாகிறது. என்ன கொடுமை!

பேரத்தில் யானை மட்டும் கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொண்டது. தந்தம் என்பது அதன் மேல் வெட்டுப்பல்தான். கடைவாய்ப் பல் ஒவ்வொரு பக்கமும் ஆறு தடவை வருகிறது. நமக்குப்போல் அடியிலிருந்து முளைக்காமல், பின்னாலிருந்து முன்னால் தள்ளிக்கொண்டு வரும். முன்னது தேய்ந்து உதிர, பின்னது அந்த இடத்துக்கு நகரும். ஆறாவது பல்லும் அறுபது வயது வாக்கில் தேய்ந்துபோனால் யானைக்குத் தீனி மெல்ல முடியாது. காட்டு யானைக்கு அதுதான் முடிவுகாலம். பல்லோடு ஆயுள் முடிகிறது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

மாட்டுக்கு வருவோம். புதுக்கோட்டைக்காரர்களுக்கு மாட்டுப் பல்லைப் பற்றி நான் பாடம் எடுத்தால் சிரிப்பார்கள். வருஷத்தின் முதல் ஜல்லிக்கட்டே பெரும்பாலும் நம் தச்சங்குறிச்சியில்தானே நடக்கிறது! சந்தையில் காளை வாங்குகிறவர் முதலில் என்ன செய்கிறார்? கொம்பைப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், அப்புறம் கீழ் உதட்டை விரலால் இழுத்துப் பல்லைப் பார்க்கிறார். "இன்னும் பல்லு போடல", "ரெண்டு பல்லு", "நாலு பல்லு", "எட்டும் சேந்திருச்சு" - அவ்வளவுதான், வயது தெரிந்துவிட்டது, விலை பேசலாம். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, கெட்டியான ஈறுதான். கீழே இருக்கும் எட்டும் ஜோடி ஜோடியாக விழுந்து மாறும். சுமார் இரண்டு வயதில் முதல் ஜோடி, ஐந்து வயதுக்குள் எட்டும்.

ஒரு வேடிக்கை தெரியுமா? மாட்டுக்குப் பால் பல் 20, நிலையான பல் 32. நமக்கும் பால் பல் 20, நிலையான பல் 32! அடுக்கியிருக்கும் விதம்தான் வேறு.

இப்போது என் ஆதங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். காளையின் வாயைத் திறந்து எந்தப் பல் எப்போது வந்தது என்று கச்சிதமாகச் சொல்கிற ஊர் இது. அதே ஊரில், "உங்க பையனுக்குக் கடைவாய்ல புதுசா பல்லு வந்திருக்கே, எப்ப வந்துச்சு?" என்று கேட்டால் அப்பாவும் அம்மாவும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறார்கள். "வந்திருக்கா?" என்று நம்மையே திருப்பிக் கேட்கிறார்கள்!

ஆறு வயதில் ஆறாவது பல்

ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். 32ல் 20 போனால் 12. அந்தப் பன்னிரண்டு பல்லும் எங்கிருந்து வந்தன? எந்தப் பால் பல்லும் விழுந்து அந்த இடத்தில் வந்தவை அல்ல. தாடை பின்பக்கமாக நீள நீள, காலி இடத்தில் நேரடியாக முளைத்தவை. கருவிலே பல் உண்டாகிற திசுப்பட்டை ஒன்று இருக்கிறது. பால் பல்லின் உள்பக்கமாக அதிலிருந்து ஒரு மொட்டு கிளைத்தால் அது மாற்றுப் பல். அதே பட்டை பின்பக்கமாக நீண்டு மொட்டு விட்டால் அது பின்கடைவாய்ப் பல். பரிணாமம் படித்தவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள்: பிறப்பு வழியைப் பார்த்தால் இந்தப் பின்கடைவாய்ப் பற்களும் முதல் செட்டைச் சேர்ந்தவைதான். தாமதமாக வந்து, மாற்று இல்லாமலே கடைசிவரை இருக்கவேண்டிய முதல் செட்!

அந்தப் பன்னிரண்டில் முதல் நான்கு, சுமார் ஆறு வயதில் வருகின்றன. பால் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால், சத்தமில்லாமல். எந்தப் பல்லும் ஆடாது, விழாது, ரத்தம் வராது. அதே சமயத்தில்தான் முன்பல் ஆட ஆரம்பிக்கும். வீடு மொத்தமும் முன்பல்லைக் கொண்டாடும். பொக்கை வாயோடு போட்டோ எடுப்போம், விழுந்த பல்லைக் கூரை மேல் எறியச் சொல்வோம். பின்னால் வந்து நிற்கிற, அறுபது எழுபது வருஷம் சோறு மெல்லவேண்டிய அந்தப் பல்லை யாரும் கவனிப்பதில்லை. சொத்தையான பிறகு பார்த்துவிட்டு, "பால் பல்லு தானே..." என்று ஆரம்பிப்போம்.

கண்டுபிடிப்பது சுலபம். பிள்ளையை வெளிச்சத்தில் உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொல்லுங்கள். நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள். ஐந்து வரைக்கும் பால் பல் வரிசை. இடையில் ஒன்று விழுந்திருந்தால் அந்த இடத்தையும் சேர்த்து எண்ணுங்கள். ஆறாவதாக ஒன்று, மற்றதைவிடப் பெரிதாக, மேல்பக்கம் நிறைய மேடு பள்ளங்களோடு தெரிகிறதா? அதுதான். ஆறு வயதில் ஆறாவது பல் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உரலுக்குப் பள்ளம் வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? அந்தப் பள்ளங்கள்தான் இதன் பலவீனமும். பிரஷ் நார் நுழையாத அளவுக்குச் சில வெடிப்புகள் குறுகலாக இருக்கும். பிஸ்கட் மாவு போய் அடைத்துக்கொள்ளும். போதாததற்கு இந்தப் பல் முழுதாக மேலே வரச் சில மாதங்கள் ஆகும். அதுவரை பக்கத்துப் பல்லைவிடத் தணிந்தே இருப்பதால் பிரஷ் அதைத் தொடாமலே தாண்டிப் போய்விடும். பிரஷ்ஷைக் கன்னத்துப் பக்கமிருந்து குறுக்காக வைத்து அந்த ஒரு பல்லைத் தனியாகத் தேய்த்துவிட வேண்டும். ஆறு வயதுப் பிள்ளை இதைத் தானாகச் செய்யாது. நீங்கள்தான் செய்யவேண்டும். காலையில் வேன் ஹாரன் அடிக்கிற அவசரத்தில் முடியாது என்றால் ராத்திரி செய்யுங்கள். உண்மையில் ராத்திரித் தேய்ப்பதுதான் முக்கியம். தூக்கத்தில் எச்சில் குறைவாக ஊறும், கழுவிவிட ஆள் இல்லை.

இந்தப் பல்லுக்கு எனாமல் படிய ஆரம்பிப்பது எப்போது தெரியுமா? ஏறக்குறையக் குழந்தை பிறக்கிற சமயத்தில்! மூன்று வயதுக்குள் ஈறுக்குள்ளேயே அதன் தலைப்பகுதி உருவாகி முடிந்துவிடும். எனாமலைக் கட்டிய செல்கள், பல் வெளியே வரும்போது அழிந்துவிடும். அதனால் உடைந்த எலும்பு கூடுவதுபோல் எனாமல் மறுபடி வளராது. நம் உடம்பிலேயே கெட்டியான பொருள் அதுதான். ஆனால் ஒருதரம் குழி விழுந்தால் உடம்பு அதை மூடித் தராது.

அப்படியானால் பால் பல்?

அதை மட்டும் விட்டுவிடலாமா என்று கேட்காதீர்கள். பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பதினோரு வயதுவரை இருக்கவேண்டியவை. ஐந்து வயதில் சொத்தை என்று பிடுங்கினால் மிச்சம் ஐந்தாறு வருஷம் அந்த இடம் காலி. பஸ்ஸில் துண்டு போடாமல் விட்ட ஸீட் மாதிரிதான். பின்னால் வருகிற ஆறு வயதுப் பல் முன்னால் சாய்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உரிய பல் வரும்போது இடம் இருக்காது. கோணலாக வரும், அல்லது ஈறுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். பிறகு பதிமூன்று வயதில் கம்பி போட ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறோம். பிடுங்கித்தான் ஆகவேண்டும் என்றால், இடத்தைக் காக்க ஒரு சின்னக் கம்பி வளையம் போடுவார்கள். "பிடுங்கிட்டா போதும் டாக்டர்" என்று எழுந்து வந்துவிடாமல் அதைக் கேளுங்கள்.

இன்னொன்று, மாற்றுப் பல்லின் மொட்டு பால் பல்லின் வேருக்குப் பக்கத்திலேயே வளர்கிறது. மேலே சீழ் கட்டினால் கீழே வளரும் பல்லின் எனாமலில் குறை விழலாம். பழுப்புப் புள்ளியோடு சொரசொரப்பாக ஒரு பல் முளைப்பதன் காரணம் சில பிள்ளைகளுக்கு இதுதான்.

"எங்க தாத்தா வேப்பங்குச்சிலதான் தேச்சாரு. எண்பது வயசுல முறுக்கு கடிச்சாரு" என்பீர்கள். உண்மை, எனக்கும் அப்படி ஒரு தாத்தா உண்டு. ஆனால் அவருக்கு ஸ்கூல் இடைவேளைக்குக் க்ரீம் பிஸ்கட், டியூஷனுக்குப் போகும்போது சாக்லேட், டி.வி. முன்னால் சிப்ஸ், படுக்கும்போது சர்க்கரை போட்ட பால் என்று யாரும் தரவில்லையே! இனிப்பை எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதோடு எத்தனை தடவை சாப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். ஒவ்வொரு தடவையும் வாயில் அமிலம் உண்டாகிறது, அது தணியக் கொஞ்ச நேரம் வேண்டும். அந்த இடைவெளியே கொடுக்காவிட்டால் எந்த எனாமலும் தாங்காது. கடலை மிட்டாய் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள், நடுநடுவே வேண்டாம். பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்கவைக்கிற பழக்கம் மட்டும் அறவே கூடாது.

மேல் பல் முதலில் முளைத்தால் மாமனுக்கு ஆகாது என்று சில வீடுகளில் பயப்படுவார்கள். மாமன் நன்றாகத்தான் இருப்பார்! பல் முளைக்கிறது என்று சொல்லிக் கடுமையான காய்ச்சலைக் கவனிக்காமல் விடுவதுதான் ஆபத்து. பல் முளைப்பது கடும் காய்ச்சலைத் தராது. வேறு காரணம் இருக்கும், டாக்டரிடம் காட்டுங்கள்.

பேஸ்ட் விஷயத்திலும் ஒரு வார்த்தை. விளம்பரத்தில் பிரஷ் முழுக்கப் பாம்பு மாதிரி நெளித்து வைக்கிறார்களே, அது அவர்கள் வியாபாரம். மூன்று வயதுவரை ஒரு அரிசி அளவு, ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட் போதும். விழுங்காமல் துப்பப் பழக்குங்கள்.

ஆறு வயதுப் பல் முழுதாக வெளியே வந்ததும் பல் டாக்டரிடம் காட்டி, "இந்தப் பள்ளங்களை மூடி பூச்சு போடலாமா?" என்று கேளுங்கள். 'ஸீலன்ட்' என்பார்கள். ஊசி கிடையாது, குடைவது கிடையாது, வலி கிடையாது. பல்லைச் சுத்தம் செய்து, உலர்த்தி, பிசின் மாதிரி ஒரு பூச்சைப் பள்ளத்தில் ஓடவிட்டு இறுக்கிவிடுவார்கள். அவ்வப்போது காட்டி, பெயர்ந்திருந்தால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். முன்பெல்லாம் இப்படிப்பட்ட வைத்தியத்துக்குத் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ போகவேண்டும் என்பார்கள். 2023ல் புதுக்கோட்டையிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. பன்னிரண்டு வயது வாக்கில் இந்தப் பல்லுக்குப் பின்னால் ஏழாவதாக இன்னொன்று வரும். அதற்கும் முன்னோடி கிடையாது, மாற்றும் கிடையாது. அப்போதும் இதே கேள்வியோடு ஒருமுறை போய் வாருங்கள்.